எண்பது மெகாவாட்

சித்தப்பாவுக்கு வேலையிடத்தில் நெருப்புக்கோழி என்று பெயர். திரையில் ஓடும் எண்களை அவர் நம்ப மாட்டார். கொதிகலனின் பார்வைத் துளையில் நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்துவிடுவார். நிலக்கரித் தீயின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் எதிலும் கை வைப்பார். அந்த அனல்மின் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் போனது.

நிலையத்தை மாதக் கடைசியில் மூடுவதாக இருந்தது. சுற்றிலும் சூரியத் தகடுகள் வந்துவிட்டன. பகலில் நிலக்கரி மின்சாரத்தைச் சீந்துவாரில்லை. சித்தப்பா முந்திக்கொண்டார். விடுப்பெடுத்துக் காற்றாலைப் பயிற்சிக்குப் போனார். ஐம்பதை நெருங்கும் வயதில் நூறு மீட்டர் ஏணி ஏறித் தேறினார். வேலையும் கிடைத்தது, ஆறு மணி நேரப் பயணத் தொலைவில். பள்ளி திறந்துவிடும் என்று சித்தி பிள்ளைகளோடு முன்னதாகவே அங்கே வீடு பிடித்துப் போய்விட்டார். நிலையத்துக் குடியிருப்பில் சித்தப்பாவும் ஒரு பாயும் ஒரு மின்விசிறியும் மட்டும். விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

மூடுவதற்குப் பத்து நாள் முன்பு, நண்பகலில், எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் மின்தொகுப்பு மையத்திலிருந்து போன் வந்தது. சூரிய மின்சாரம் கொட்டுகிறது, நீங்கள் உற்பத்தியை எண்பது மெகாவாட்டுக்கு இறக்குங்கள் என்றார்கள். நூற்றிருபதுக்குக் கீழே போனால் எண்ணெய் தெளித்துத்தான் தீயைக் காப்பாற்ற முடியும். மூடப்போகும் இடத்துக்கு எதற்கு என்று எண்ணெய்த் தொட்டியை யாரும் நிரப்பியிருக்கவில்லை.

"அண்ணே, பேசாம விடுங்க," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "அணைஞ்சா அணையட்டும். பத்து நாள் முன்னாடியே வீட்டுக்குப் போவோம்."

"அணைய விடறதுக்கா எனக்குச் சம்பளம்?"

"நீங்க நெருப்புக்கோழி இல்லண்ணே, அடைகாக்கிற கோழி."

மூன்று மணி நேரம் பிடித்தது. நிலக்கரி அரைக்கும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். காற்றை நூல் நூலாகக் குறைத்தார். துளைக்கும் திரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். சொட்டு எண்ணெய் இல்லாமல் தீ நின்றது. கண்காணிப்பாளர் முதுகில் தட்டிக்கொடுத்து, நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதி மேலே அனுப்பினார். சித்தப்பா சித்திக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொண்டார்.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. பகலில் எண்பதுக்கு அடங்கி, பொழுது சாய்ந்ததும் ஏறக்கூடிய நிலையம் உபயோகப்படும். மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பேட்டரிகள் வரும்வரை, இன்னும் இரண்டு வருடம், அது ஓடட்டும். அப்படி இறக்கத் தெரிந்த ஊழியரை விடுவிக்கக் கூடாது.

கண்காணிப்பாளர் நாற்காலியைக் காட்டினார். சித்தப்பா உட்காரவில்லை.

"வேற யாருக்காவது சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன் சார்."

"யாருக்கு? மூடப்போற இடத்துல வேலை கத்துக்க எவன்யா வருவான்?"

"அப்போ நான் மட்டும்?"

"நீங்கதானே செஞ்சு காட்டினீங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். கடிதம் இல்லாமல் போனால் இருபத்திரண்டு வருடத்து ஓய்வூதியம் போய்விடும். கடிதம் இல்லாதவரைக் காற்றாலையிலும் சேர்க்க மாட்டார்கள்.

சித்தப்பா சித்திக்குப் போன் செய்து சொன்னார். "அணைய விட்டிருக்கலாம்ல?" என்றார் சித்தி.

"கை வரலைம்மா."

"கை வராதவரு எங்கள எதுக்கு முன்னாடியே இங்க அனுப்பினீங்க?"

கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே என்ன வானிலை என்பதைப் போனில் வரும் எண்ணை வைத்துத்தான் சித்தப்பா தெரிந்துகொள்கிறார். எண்பது என்றால் நல்ல வெயில். நூற்றைம்பது என்றால் மேகம்.

வேலையில் சேர வேண்டிய நாள் தாண்டியதும் காற்றாலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சேராததுக்குக் காரணம் ஒண்ணு போடணும் சார். உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்மா."

"வேற இடத்துல வேலை கிடைச்சிடுச்சா?"

"இல்லம்மா. இங்க விட மாட்டேங்கறாங்க."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே சார்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "விருப்பமில்லைன்னு போட்டுடவா?"



"போட்டுக்கோங்கம்மா," என்றார் சித்தப்பா.