வயிற்றுக்குக் கீழே போ

யாங் கும்ஜாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஜெஜு தீவின் தென்மேற்குக் கரையில் மூச்சடக்கி மூழ்கி, சங்கும் சிப்பியும் எடுக்கிற பெண்களில் ஒருத்தி. பதினாறு வயதில் கடலில் இறங்கியவள். அலைக்கோ குளிருக்கோ அஞ்ச மாட்டாள். ஓங்கிலைக் கண்டால் மட்டும் ஈரக்குலை நடுங்கும். சுற்றுலா வந்தவர்கள் கரையில் நின்று கைதட்டுகிற அதே டால்பின்தான். பத்தொன்பது வயதில் ஒன்று அவள் தொடையை உரசிக்கொண்டு போனது. அந்த வழுவழுப்பு இன்னும் அவள் தோலில் இருக்கிறது.

"இவளுக்குச் சோத்துப் பானையிலயும் ஓங்கில் துடுப்பு தெரியும்" என்று அக்கா சுன்சில் கேலி செய்வாள்.

ஓங்கில் கூட்டம் வந்தால் செய்வதற்கு ஒரு முறை உண்டு. மிதவைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கால்களை மடக்கிக்கொண்டு, "வயித்துக்குக் கீழ போ! வயித்துக்குக் கீழ போ!" என்று கத்த வேண்டும். அவையும் முங்கி, பெண்களின் வயிற்றுக்கு அடியில் போய்விடும். ஆனால் கத்துவதற்கு முன் தலைகளை எண்ண வேண்டும். கீழே ஒருத்தி இருக்கும்போது அவற்றைக் கீழே விரட்டக் கூடாது.

அந்த ஏப்ரல் காலையில் ஏழு பேர் இறங்கியிருந்தார்கள். கும்ஜா மேலே வந்து விசில் போல மூச்சை விட்டபோது, பாறைப் பக்கம் கறுப்பாகத் துடுப்புகள் எழுந்தன. ஒன்பதோ பத்தோ. அவள் எண்ணியது அவற்றைத்தான். தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"வயித்துக்குக் கீழ போ!"

மற்றவர்களும் நீந்திவந்து ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். துடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன.

அப்போதுதான் தலைவி ஹியோன் கேட்டாள்: "ஏய், சுன்சில் எங்கடி?"

இருபது முழம் தள்ளி அக்காவின் மிதவை தனியே ஆடிக்கொண்டிருந்தது. கும்ஜா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அக்காவின் மூச்சுச் சத்தம் எங்கும் இல்லை.

"கத்துறதுக்கு முன்னால எண்ணினியா?" என்று ஹியோன் கும்ஜாவைக் கேட்டாள்.

 கும்ஜாவின் கால்கள் மடங்கியே கிடந்தன, நீட்ட வரவில்லை. அக்காவின் மிதவை ஒரு சுற்று சுற்றியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலைகீழாக முங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது நான்கு ஆள் ஆழத்தில் ஓங்கில்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் அக்கா. பாறையில் ஒட்டிய பெரிய சிப்பி ஒன்று, சிப்பி பெயர்க்கிற அவளுடைய இரும்பு நெம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. நெம்பியின் வாரை மணிக்கட்டில் தளர்வாக மாட்டுவதுதான் வழக்கம், கையை உருவிக்கொள்ளலாம். மணிக்கட்டு மெலிந்துவிட்டதென்று அக்கா அதை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

அவளுக்கு ஒரு கை தூரத்தில் ஒரு தாய் ஓங்கில் நின்றது. அதன் மூக்கின்மேல் செத்த குட்டி. குட்டி நழுவி விழ விழ, தாய் அதைத் தூக்கித் தூக்கி நிறுத்தியது. அக்காவையும் பார்த்தது, கும்ஜாவையும் பார்த்தது. நகரவில்லை.

அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கும்ஜாவின் தோள் அதன் விலாவில் உரசியது. அதே வழுவழுப்பு. வாயிலிருந்த காற்றில் பாதி அங்கேயே போய்விட்டது. பாசி அறுக்கிற அரிவாளை இடுப்பிலிருந்து உருவி வாரை அறுத்தாள். ஒரு தடவை தவறி அக்காவின் தோலில் பட்டது. இரண்டாவது தடவை வார் அறுந்தது.

மேலே வந்ததும் அக்கா வாந்தியெடுத்தாள். பிறகு மெல்ல, நீளமாக, அந்த விசில் வந்தது.

கரையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தபோது கும்ஜாவின் பற்கள் ஓயாமல் அடித்துக்கொண்டன.

"நான் எண்ணலக்கா. உன் தலைமேல அதுங்கள ஏவி விட்டேன்."

"தெரியும். உன் குரல் கீழ வரைக்கும் கேட்டுது." அக்கா மணிக்கட்டின் காயத்தைப் பார்த்தாள். "அது என்னை ஒண்ணும் செய்யலடி. மாமியாராட்டம் நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. பாவம், பிள்ளையைக் கீழ போட முடியல அதுக்கு."

பதினோரு நாள் கழித்து மறுபடி துடுப்புகள் தெரிந்தன. கும்ஜா உதட்டைக் கடித்துக்கொண்டு தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஏழு."

"என்னையும் சேத்தா?" என்றாள் அக்கா, பக்கத்து மிதவையிலிருந்து.

"சேத்துத்தான்."

பிறகு கத்த வாயைத் திறந்தாள். குட்டியைத் தூக்கித் தூக்கி நிறுத்திய அந்தத் தாய் கண்ணில் வந்தது; குரல் வரவில்லை. மற்ற ஆறு பேரும் அவளுக்கும் சேர்த்துக் கத்தினார்கள்.