வெள்ளைப் பூ, சிவப்பு வண்டி

எங்கள் வீட்டுக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று இன்று கேட்டாலும் பெரியப்பா தன் பெயரைத்தான் சொல்வார். அப்பா சிரித்து மழுப்புவார். மாமா தலையில் அடித்துக்கொள்வார். மூன்று பேருக்குமே ஒன்றும் தெரியாது.

அப்பாவுக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். செவிலிமேட்டில் டவுன் பஸ் பிடித்து, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, வாலாஜாபாத்தில் இன்னொரு முறை மாறி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. அதனால் அங்கேயே நான்கு பேரோடு ஒரு ரூமில் தங்கிக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார். திங்கட்கிழமை நான் கண் விழிக்கும்போது போயிருப்பார். வாரத்துக்கு ஒரு நாள் அப்பா என்பது என்ன கணக்கு? எனக்கு அழுகை அழுகையாக வரும். ஒரு வண்டி இருந்தால் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வண்டிப் பைத்தியம் பிடித்தது.

விலை குறைவாக இருக்க வேண்டும், வழியில் நிற்கக் கூடாது. அப்பா கேட்டது இவ்வளவுதான். இதற்கு ஊரே சேர்ந்து அவரைக் குழப்பியது.

பெரியப்பா தறிக்காரர். பட்டைத் தவிர வேறெதையும் வாங்கி விற்ற அனுபவம் அவருக்கு இல்லை. ஷோரூமுக்குப் போனவர் வண்டியின் சீட்டு உறையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். தையலை நகத்தால் நெருடினார். பிறகு சிவப்பு வண்டி ஒன்றைக் காட்டி, “போவ வர எழுவது கிலோமீட்டர்பா. இடுப்பு இன்னாத்துக்கு ஆவறது? இதான் சீட்டு அகலமா இருக்குது” என்றார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் கடையில் இருந்தார். அவருக்கு வெள்ளிக் கலர் வண்டிதான் வேண்டும். “சீட்டுல குந்திக்கினா வண்டி ஓடிடுமா? இஞ்சின்ன பாருங்க. ஐயம்பேட்டைல நின்னாலும் ஸ்பேர் கெடைக்கணும், வாலாஜாபாத்ல நின்னாலும் கெடைக்கணும்” என்று கத்துவார். நிற்கவே கூடாது என்று வாங்கப்போகும் வண்டி எங்கெங்கே நிற்கும் என்று இவர் ஏன் பட்டியல் போடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிற மனிதர். காலையில் வெள்ளி, மத்தியானம் சிவப்பு. ஒவ்வொரு ஞாயிறும் ஷோரூமுக்குப் போய் இரண்டு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கலர் கலராக நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வருவார். நான் அதில் இருந்த சிவப்பு வண்டியை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டேன். இப்படியே ஐந்து ஞாயிறு போனது.

அம்மாவை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் அதே வாலாஜாபாத் ரோட்டில் ஜல்லி லாரி இடித்து நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அம்மா அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் யாரிடமும் பேசாமல் பாத்திரம் தேய்ப்பாள். அதையும் வண்டியையும் சேர்த்து யோசிக்க எனக்கு அப்போது அறிவு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைத் தலைக்குக் குளிக்க வைத்து, தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூக் கட்டிப் பார்க்கப் போகிறோம் என்றாள். மனசுக்கு முடிவு தெரியாத காரியத்துக்கு எங்கள் பக்கம் செய்வதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது அம்மன் வாக்கு. அம்மா மல்லியையும் செவ்வரளியையும் தனித்தனியாக நியூஸ் பேப்பரில் மடித்துக் குலுக்கிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய நெடுநேரம் வேண்டினாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெள்ளை வந்தால் மாமாவின் வெள்ளி வண்டி, சிவப்பு வந்தால் என் சிவப்பு வண்டி. இதற்கு இவ்வளவு வேண்டுதலா?

“எடும்மா, யோசிக்காத” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

நான் யோசிக்கவில்லை. குனிந்தேன். இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். மல்லியைப் பத்துப் பேப்பரில் சுற்றினாலும் வாசனை வரும். அரளிக்கு ஏது வாசனை? வாசனை இல்லாததை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். பூசாரி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவரும் பார்க்கவில்லை.

பிரித்தால் சிவப்பு! துள்ளிக் குதிக்க இருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கால் தரையிலேயே நின்றுவிட்டது. அவள் அந்த அரளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றப் பொட்டலத்தைப் பிரித்து மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டாள். அரளியைப் பேப்பரோடு கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஊட்ல கேட்டா வெள்ளன்னு சொல்லு. இன்னா?”

தலையை ஆட்டினேன். சாமிக்கு வைத்த பூவை முகர்ந்தால் எங்கள் வீட்டில் முதுகுத் தோல் உரிந்துவிடும். அதையே செய்த நான் எந்த வாயால் எதிர்த்துக் கேட்பது?

மறுநாள் அப்பாவிடம் அம்மா, “வெள்ள வந்துது. வாங்கிடுங்க” என்றாள். போச்சு, வெள்ளி வண்டிதான் என்று நான் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டேன். தம்பிக்காக அம்மா அம்மனையே ஏமாற்றிவிட்டாள் என்று அவள்மேல் ஆத்திரமான ஆத்திரம். ஆனால் அடுத்த ஞாயிறு அப்பா மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தது சிவப்பு வண்டி! வெள்ளிக் கலருக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம். இதுதான் கையிருப்பில் இருந்ததாம். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். மாமா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கோ தலை சுற்றியது. சிவப்பு வந்தது, அம்மா வெள்ளை என்றாள், கடைசியில் சிவப்பே வந்தது. அம்மன் சக்தியுள்ளவள்தான் என்று முடிவுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் தினமும் அப்பா. விடியுமுன் போவார், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். சொர்க்கம் என்றால் அதுதான். அம்மாதான் மாறிப்போனாள். மூன்றரை ஆனதும் கேட்டில் போய் நிற்பாள். வண்டி வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம், அம்மனுக்குக் கை நிறையச் செவ்வரளி. “எதுக்குமா டெய்லி கேட்ல நிக்கிற?” என்று கேட்டால், “காத்து வாங்கத்தான்டி” என்பாள். நம்பினேன்.

ஒரு மழை நாளில் ஐந்தரை ஆகியும் அப்பா வரவில்லை. அம்மாவைத் தேடிப் போனேன். கோயிலில் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “தப்பு என்னுது தாயே, அவர உட்டுடு.” நான் பூவை முகர்ந்தது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, என்னைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். சத்தமில்லாமல் வீட்டுக்கு ஓடி வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டேன். அப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டு ஆறு மணிக்கு வந்துவிட்டார்.

ஒன்பது வருஷம் அந்த வண்டி ஓடியது. ஒரு கீறல்கூட இல்லாமல் அப்பா தினமும் வந்தார். ஒன்பது வருஷமும் அம்மா கேட்டில் நின்றாள்.

போன மாதம் எனக்கும் ஒரகடத்தில் வேலை கிடைத்தது. ஸ்கூட்டியா பைக்கா என்று வீட்டில் பழைய சண்டை ஆரம்பமானது. “பூக் கட்டிப் பாத்துடலாமா?” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வோணான்டி. ஒரு வாட்டி பட்டது போதும்” என்றாள். அப்புறம் சொன்னாள். வெள்ளை வந்தால் வண்டி, சிவப்பு வந்தால் வண்டியே வேண்டாம், அவர் ரூமிலேயே பத்திரமாக இருக்கட்டும். அதுதான் அன்றைக்கு அவள் அம்மனிடம் கேட்டது. “செவப்புதான் வந்துது. உங்கப்பா தெனம் ஊட்டுக்கு வந்தா போதும்னு ஆசப்பட்டு நான் மாத்திச் சொல்ட்டேன்.”

“அது அம்மன் சொன்னது இல்லமா. நான் மோந்து பாத்து எடுத்தேன். செவப்பு வண்டி வேணும்னு.”

அம்மா என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப் பாவி. அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி?”