அஸ்திவாரத்துக்கு ஒரு செங்கல்

தொல்லியல் துறை பாதுகாக்கும் பழைய செங்கல் கோயிலின் காவலரை உடன் வேலை செய்தவர்கள் ‘சீச்சீ அண்ணன்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயருக்கு அவர் முழுத் தகுதி உடையவர். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பின்சுவருக்குத்தான் போவார். இரவில் எவனாவது அங்கே ஒதுங்கிவிட்டுப் போயிருப்பான். “சீச்சீ! ஆயிரம் வருஷமா நிக்குற சுவரு. இவனுக்கு இதை விட்டா வேற இடமே கிடைக்கலையா?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாளித் தண்ணீரைக் கொட்டுவார். விமானத்தின் கீழ்வரிசைச் செங்கற்களில் காதலர்கள் சாவியால் கீறிய பெயர்களைக் கண்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட கீறல் ஒன்றுக்காக மேலிடம் ஒருமுறை அவரிடமே விளக்கம் கேட்டது. அது நடந்த நாளில் அவர் விடுப்பில் இருந்தார். அதை ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லியும் பயனில்லை. வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. இன்னொரு புகார் வந்தால் வேலையும், வேலையோடு கோயில் வளாகத்திலேயே கிடைத்த ஓரறை வீடும் போய்விடும் என்று வாய்மொழியாகச் சொல்லியும் வைத்தார்கள். செய்யாத தவறுக்குத் தலைகுனிந்தவர் என்பதால், அதன் பிறகு விதியில் ஒரு நூலிழைகூடப் பிசகாமல் நடந்துகொண்டார்.

அந்த நூலிழை அறுந்தது தங்கையால்.

தாய் இறந்தபின் வீட்டைப் பிரிப்பதில் மூண்ட சண்டையில் பேச்சை நிறுத்தியவள், வார விடுமுறை நாளொன்றில் கணவனோடும் பெரிய துணிப்பையோடும் வாசலில் வந்து நின்றாள்.

“கோயிலைச் சுத்திக் காட்ட மாட்டியாண்ணே? உன்னைப் பத்தி நினைக்காத நாளே இல்ல, தெரியுமா?”

விடுமுறை நாளில் அந்நியர் எவரையும் உள்ளே விடக்கூடாது. கூடப்பிறந்தவள் எப்படி அந்நியளாவாள் என்று தனக்குத்தானே வாதாடி, அவர் பூட்டைத் திறந்தார்.

சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து சிவந்து நின்ற விமானத்தையும், சிலை போய்ப் பீடம் மட்டும் எஞ்சிய கருவறையையும் காட்டினார். வௌவால் எச்சத்தின் நெடியில் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வடக்கே அகழ்ந்த குழிகளில் பழைய மண்டபத்தின் அடித்தளம் முழங்கால் உயரத்துக்கு வரிசை வரிசையாகத் தெரிந்தது. அளந்து படம் எடுக்கும் வேலை முடியாததால், ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதிய சிறு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

பிறகு காவலரின் அறைக்கு வந்து, கொண்டுவந்த சாப்பாட்டைத் தங்கை பரிமாறினாள். “நீங்க சாப்பிடுங்க மச்சான், நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்று அவள் கணவன் பையோடு வெளியே போனான். காற்று வாங்கப் போகிறவனுக்குப் பை எதற்கு என்று கேட்கக் காவலருக்குத் தோன்றவில்லை. தங்கை கையால் சாப்பிட்டு எத்தனை காலம்!

வழியனுப்பும்போது அதே பையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார். பாரத்தில் தோள் இறங்கியது; பையைத் திறந்தார். உள்ளே, தங்கையின் பழைய சேலையில் சுற்றி, அகன்று தட்டையான செங்கல் ஒன்று இருந்தது. சீட்டைக் காணவில்லை.

“ஒரே ஒரு கல்லுதானேண்ணே,” என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி. “புது வீட்டு அஸ்திவாரத்துல வைக்கணும்னு இவருக்கு ஆசை. இத்தனை வருஷம் நின்ன கல்லு நம்ம வீட்டையும் நிக்க வைக்கும்ல?”

“இதுக்குத்தான் வந்தியா?”

கணவன் சிரித்தான். “கோயில் எல்லா ஊர்லயும் இருக்கு மச்சான். கோயிலுக்குள்ள மச்சான் இருக்கறது எங்களுக்குத்தானே!”

அவர் செங்கல்லைச் சேலையோடு தூக்கிக்கொண்டு குழிகளை நோக்கி நடந்தார்.

“எங்க எடுத்தீங்க மாப்பிள்ளை?”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எதுன்னு சொல்றது?”

வெயிலில் மூவரும் குழிகளுக்கிடையே தேடினார்கள். கடைசியில் தங்கைதான் கண்டாள்: பெயர்த்த இடத்தில் ஈரமண் வெளித்தெரிய, குலைந்த எறும்புகள் முட்டைகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தன. கல்லை வைத்துப் பார்த்தார். பிடித்திருந்த மண் உதிர்ந்துவிட்டதால் அது ஆடும் பல்லாக அசைந்தது.

“அதான் வச்சாச்சே. நாமளா சொன்னாத்தான் உண்டு, வேற யாருக்குத் தெரியப்போகுது?” என்றான் மாப்பிள்ளை.

உண்மைதான். சீட்டு காற்றில் பறந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பொய் இவ்வளவு எளிதாகத் தனக்குள் உருவானதைக் கண்டபோது, பின்சுவரில் ஒதுங்குகிறவன்மீதுகூட வராத அருவருப்பு அவருக்குத் தன்மீதே வந்தது. கைபேசியை எடுத்துத் துறை அதிகாரியை அழைத்தார்.

“அண்ணே, வேண்டாம்ணே! உன் வேலையும் போயிடும்ணே!” என்று தங்கை அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொண்டார்.

ஜீப்பில் வந்த அதிகாரி குழிக்குள் எட்டிப் பார்த்தார். “யார் எடுத்தது?”

மாப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. “இவதான் சார். பொம்பளை, விவரம் பத்தாது. மன்னிச்சு விட்டுடுங்க.”

தங்கை கணவனையே வெறித்துப் பார்த்தாள்.

“பொய் சார்,” என்றார் காவலர். “கல்லைப் பேர்த்தது இவரு. இவ என் தங்கச்சி. எல்லாம் தெரிஞ்சும் எனக்குச் சோறு போட்டு உக்கார வச்சிருந்தா. இன்னைக்கு விடுமுறை. கதவைத் திறந்து விட்டது நான். அப்படியே எழுதிக்கோங்க.”

அதிகாரி பேனாவைத் திறந்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கடைசியா சொன்னதையுமா?”

“அதை முதல்ல எழுதுங்க சார்.”