பொங்கல் பிளாக்கும் என் கோலங்களும்: கண்டனூர் போய்வந்த கதை

1969, கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறேகால் மணிக்கு மானாமதுரை ஸ்டேஷனில் காரைக்குடி வண்டி ஏறினேன். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் எழுபது காசு. கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு மாற்றுச் சேலை, எலுமிச்சம்பழச் சாதம், நான் நடத்தும் ‘மனைமஞ்சள்’ மாத இதழில் பத்துப் பிரதி. அறுபது வயதுக்குமேல் தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை.

சிறிய பத்திரிகை நடத்துகிறவர்களின் மாநாடு கண்டனூரில் கூடியது. போகாதவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள் மாநாட்டுக்காரர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுத வரும்.

முந்தின வருஷமும் அழைப்பு வந்தது. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் எப்படி உட்காருவது என்று இருந்துவிட்டேன். இந்தத் தடவை போனதற்குக் காரணம் பொறாமை. மறைத்து என்ன ஆகப் போகிறது? புதுக்கோட்டையிலிருந்து ‘மாதுளம்பூ’ என்று ஒரு பெண்கள் பத்திரிகை வருகிறது. நடத்துகிறவள் பெயர் சரோஜா. மாதாமாதம் அட்டையில் ஒரு புதுப்படம் போடுவாள். தீபாவளி இதழில் விளக்கேந்தி நின்ற ஒரு பெண்ணைப் போட்டிருந்தாள் பாருங்கள், அந்தக் கழுத்தும் கண்ணும், இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் இதழின் அட்டையில் ஆறு வருஷமாக ஒரே மஞ்சள் கொத்துதான்.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்த பத்திரிகை இது. அவருக்குப் பிறகு ஆசிரியர் நான். அச்சகத்தைக் கொழுந்தனார் மகன் சின்னையா பார்க்கிறான். அவன் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டான்: “பெரியம்மா, கடைக்காரங்க எல்லாம் மாதுளம்பூவத்தான் கேக்குறாக. பொங்கல் இதழும் இப்படியே திரும்பி வந்துச்சுன்னா நிறுத்திருவோம். கோவிச்சுக்கிறாதீக.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தச் சரோஜாவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

சிவகங்கை தாண்டியதும் எதிரே ஒரு அம்மாள் கோழிக்கூடையோடு வந்து உட்கார்ந்தாள். “எங்குட்டுப் போறீக?” என்றாள். மாநாட்டுக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்தக் கட்சி?”

“கட்சி இல்லங்க. பத்திரிகைக்காரங்க மாநாடு.”

“சாப்பாடு போடுவாகளா?”

“போடுவாக.”

“அப்பக் கட்சி மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். கல்லல், தேவகோட்டை ரோடு என்று ஸ்டேஷன்கள் போயின. வெளியே பொட்டலும் கருவேல மரமும். நாற்பது மைல் போவதற்குள் வண்டி நின்று நின்று ஒன்பது மணியாகிவிட்டது.

காரைக்குடியில் கண்டனூர் பஸ் எங்கே நிற்கும் என்று யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்கக் கூச்சம். குதிரை வண்டிக்காரர் தானாக வந்து கேட்டதால் அவர் வண்டியில் ஏறிவிட்டேன். நாலு மைலுக்கு இரண்டு ரூபாய். பஸ்ஸில் போனால் கால் ரூபாய்கூட ஆகாதாம். அதை வண்டி பாதி தூரம் போன பிறகு அவரே சொன்னார்.

“அந்த வீட்லயா மாநாடு?” என்றார். “கல்யாணம் காச்சின்னா மட்டுந்தான் தெறப்பாக. மத்த நாளெல்லாம் பூட்டுத்தான். ஆளுக வந்தா என் குதிரைக்கே சந்தோசம்.”

பத்து மணி. வீடு ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் முடிந்தது. உள்முற்றத்தைச் சுற்றி ஓடும் பெரிய தாழ்வாரத்தில்தான் கூட்டம். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கால் வைத்தால் ஜில்லென்று இருந்தது. என் இதழை இந்தத் தரையில் வைத்தால் தரைதான் அழகாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது பேர் இருப்பார்கள். பெண்கள் மூன்று பேர். நான் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் வரிசையில் மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் போட்டுக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசுகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஒவ்வொருவரும் மைக்கில் தங்கள் பெயரையும் பத்திரிகையையும் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்தது. “மனைமஞ்சள்” என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பெயரே ‘மனைமஞ்சள் அம்மா’தான்.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. வீட்டுக்கார ஆச்சியே நின்று பரிமாறச் சொன்னார். என் இலையைப் பார்த்துவிட்டு, “என்ன, இலையில கணக்கா எழுதுறீக? நல்லாச் சாப்பிடுங்க” என்று இன்னும் இரண்டு கந்தரப்பம் வைத்துவிட்டுப் போனார்.

சாப்பிட்டு எழுந்ததும்தான் அந்தக் காட்சி. ஒரு நீள மேஜையில் எல்லாருடைய இதழ்களையும் பரப்பியிருந்தார்கள். என் பிரதிகளை ஓரமாக வைக்கப் போனேன். அங்கே விளக்கேந்திய பெண் நிற்கிறாள், ‘மாதுளம்பூ’ அட்டையில். இரண்டு முழம் தள்ளி அதே பெண், திருநெல்வேலிப் பத்திரிகையில், நீல நிறத்தில். அந்தக் கோடியில் திரும்பவும் அவளேதான், கும்பகோணத்துப் பத்திரிகையில், முகமெல்லாம் பச்சையாக!

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. சரோஜா.

“என்னம்மா முழிக்கிறீக? அவ ஊர் ஊராப் போறவ. இங்குட்டு ஒரு மாசம், அங்குட்டு ஒரு மாசம். தீபாவளிக்கு மட்டும் நாங்க மூணு பேரும் வேணும்னு சண்டை போட்டு, ஒரே மாசத்துல மூணு அட்டையிலயும் ஏறிட்டா. எங்க மானம் போச்சு.”

விஷயம் இதுதான். படத்தை உலோகத் தகட்டில் செதுக்கிக் கட்டையில் அறைந்தால் அது பிளாக். மதராஸில் ஒன்று செய்ய நிறையச் செலவாகும். முந்தின மாநாட்டில் சந்தித்த ஐந்து பேர் செலவைப் பங்கு போட்டுச் செய்து, பார்சலில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறார்கள். புதுக்கோட்டையில் இவளுக்கென்று தனியாக ஒரு ஓவியர் உட்கார்ந்து வரைகிறார் என்று நான் ஒரு வருஷமாக வெந்துகொண்டிருந்தேன். நான் மானாமதுரை தாண்டாமல் இருந்த வருஷத்தில் அந்தத் தகட்டுப் பெண் மூன்று ஊர் பார்த்திருக்கிறாள். அவள் மேலும் பொறாமை வந்தது.

“பொங்கலுக்கு எது?” என்று கேட்டேன். அன்று நான் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பொங்கல் பானை முன் குனிந்து ஊதுகிற பெண். பிளாக்கில் எல்லாம் இடம் வலமாக மாறி இருக்கும். அப்படியிருந்தும் புகை கண்ணில் பட்டு அவள் முகம் சுளிப்பது தெரிந்தது. என் விரல் தானாகப் போய்த் தடவியது.

“இதை எனக்குத் தருவீகளா? பொங்கலுக்கு?”

“எப்படிம்மா? உங்க வாசகியும் என் வாசகியும் சிவகங்கையில ஒரே தெருவுல இருக்காளுக. ரெண்டு பேரும் போட்டா மறுபடி சிரிப்பாச் சிரிப்பாக. யாராவது ஒருத்தர்தான் போடலாம். பொங்கல் என் முறை.”

சின்னையா சொன்னதைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு என் இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

“இந்தக் கோலம் யாரு போடுறா?”

“நான்தான். அவுக இருக்கையில மதுரையில பிளாக் செஞ்சு வச்சாக. அலமாரி நிறையக் கெடக்கு. பக்கம் மிஞ்சினாப் போடுவேன்.”

“மிஞ்சினாவா!” என்றாள். “மார்கழி வந்தா என் வாசகிக கார்டு போட்டே கொல்றாளுக. ‘மனைமஞ்சள்ல கோலம் வருது, நீங்க ஏன் போட மாட்டேங்கிறீக’ன்னு. உங்க பேரைக் கேட்டாலே எனக்கு எரியும்மா. ஒரு பண்டமாத்துச் செய்வோம். பொங்கல் பொண்ணு உங்களுக்கு. மார்கழிக்கும் தைக்கும் கோலம் பூரா எனக்கு. ஆனா அந்த ரெண்டு மாசமும் நீங்க ஒரு கோலங்கூடப் போடக் கூடாது. சம்மதமா?”

என்மேல் ஒருத்திக்குப் பொறாமை என்று கேட்டதில் உள்ளுக்குள் தேன் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் கோலம் ஒன்றுகூட இல்லாமலா? சின்னையா முகம் கண்முன் வந்தது. “சம்மதம்” என்றேன்.

சாயங்கால வண்டியில் பொங்கல் பெண்ணை மாற்றுச் சேலைக்குள் சுற்றி, மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை கோல பிளாக்குகள் புதுக்கோட்டைக்குப் பார்சலில் போயின.

பொங்கல் இதழ் கடைகளில் தங்கவில்லை. சின்னையா இன்னும் கொஞ்சம் அச்சடித்தான். “அடுத்த பொங்கல் வரைக்கும் ஓட்டலாம் பெரியம்மா” என்றான். போகிற போக்கில் சொன்னான். எனக்கு அது போதும்.

அந்த வாரமே ‘மாதுளம்பூ’ வந்தது. அட்டை அவ்வளவு விசேஷமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே திருப்பினேன். நடுப்பக்கத்தில் என் தாமரைக் கோலம். பக்கம் மிஞ்சியதால் போட்டதல்ல. இரண்டு பக்கமும் அதற்கென்றே ஒதுக்கியிருந்தாள். யார் போட்டது என்று மட்டும் எங்கும் இல்லை. அவளுடையது வெள்ளைக் காகிதம். எங்கள் பழுப்புக் காகிதத்தில் மை அப்பிக் கிடக்கும் புள்ளிகள் இதில் ஒவ்வொன்றும் அரிசி மாதிரித் தனித்தனியாக நின்றன. நான் பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சிவகங்கையிலிருந்து ஒரு கார்டு: “பொங்கல் படம் பிரமாதம். கோலத்துக்காக மாதுளம்பூவும் வாங்கினேன். அந்த அம்மா நன்றாகப் போடுகிறார்கள்.”

எந்த அம்மா!

மாநாட்டுக்குப் போனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இவ்வளவுதான் சொல்வேன். பொறாமை தீரும் என்று போகாதீர்கள், எனக்குத் தீரவில்லை. போவதற்கு முன்னால் அவள் படத்தைப் பார்த்து வயிறெரிந்தேன். இப்போது என் கோலத்தைப் பார்த்தே வயிறெரிகிறேன். மாசி பிறந்ததும் பிளாக்குகள் திரும்பி வந்தன. மஞ்சள் கொத்தை எடுத்துவிட்டுத் தாமரைக் கோலத்தை அட்டையில் ஏற்றச் சொன்னேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் என் பெயரை அச்சுக் கோக்கச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சின்னையா மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.