ஒரே பெட்டியில் மூன்று தப்பு

மிருகக்காட்சிசாலையில் அவளை எல்லாரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மேற்பார்வை பார்த்தவள். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். அங்கே செய்த பெட்டி கடைக்குப் போனது, இங்கே செய்வதைக் கரடி கிழிக்கிறது, மற்றபடி முன்னேற்றம் ஒன்றும் இல்லை என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் கிண்டலடிப்பார்.

தீவன அறைக்குப் பின்னால் இருந்த நீள அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். வாரத்தில் மூன்று நாள் தன்னார்வலர்கள் வருவார்கள். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் காகிதச் சுருள், சுருளுக்குள் கடலையோ ஆப்பிள் துண்டோ. தட்டில் கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் தீர்த்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் கம்பியோரம் நடந்து நடந்து தேயும் கரடி, பெட்டியாகக் கொடுத்தால் அரை நாள் அதோடு மல்லுக்கட்டும்.

பெட்டியில் டேப் ஒட்டக் கூடாது. ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கட்டச் சணல்தான், நைலான் ஆகாது. புதிதாக வருகிறவர்களிடம் இதை வாயால் சொன்னால் தலையை நன்றாக ஆட்டுவார்கள். கை தன் பாட்டுக்கு டேப்பைத் தேடும். அதனால் அவளே வேண்டுமென்று எல்லாத் தப்பையும் ஒளித்து வைத்து ஒரு பெட்டி செய்து, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று கையில் கொடுப்பாள். அதற்குத் தப்புப்பெட்டி என்று பெயர். வகுப்பு முடிந்ததும் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை கரடிக்கூண்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தார். உள்ளே மென்று துப்பிய டேப், வளைந்த இரண்டு பின், ஒரு முழம் நைலான் கயிறு. கரடி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, டாக்டர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்க்கிறார் என்றார். மதியத்துக்குள் அதிகாரியே வந்துவிட்டார். செய்தது யார் என்று கண்டுபிடித்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

எல்லாருடைய பார்வையும் தையல்காரர் பக்கம் போனது. கடையை விட்டுவிட்டு மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் வருகிறவர். கூண்டுக்குப் போகும் சாக்கில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தடவிப் பார்ப்பது அவர் பொறுப்பு. போன மாதம்தான் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரே ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து வைத்தார்.

"என் கையைத் தாண்டித்தானேம்மா போயிருக்கு. நான் வரலை இனிமே."

அவள் தடுக்கவில்லை. கண் சரியில்லாதவரிடம் வேலையைக் கொடுத்தது தன் தப்பு என்றுதான் அப்போது நினைத்தாள்.

எல்லாரும் போன பிறகு உறையை மறுபடி கையில் எடுத்தாள். மறந்து டேப் ஒட்டுவார்கள், சரி. மறந்து பின்னும் அடிப்பார்கள். நைலானும் சேர்ந்து ஒரே பெட்டியிலா? தெரியாமல் செய்கிறவன் ஒன்றைத்தான் கோட்டை விடுவான். மூன்றையும் சேர்த்து வைக்க, தெரிந்தே செய்கிற ஆள் வேண்டும். அவள் தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டு காலியாக இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து தையல்காரரும் கிளம்பிய பிறகு, கரடிக்காரர் சாக்குக்காக வாசலில் நின்று அவசரப்படுத்தினார். மேசைமேல் இருந்ததையெல்லாம் பார்க்காமல் இரண்டு கையாலும் வாரிச் சாக்கில் போட்டவள் அவள்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் கேலி செய்யவில்லை. வேறு யாருக்கும் தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்றாள்.

"அப்ப சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

"வேலை போயிடுமோன்னு இருக்குங்க."

"போகலாம். அவருக்குத்தான் ஏற்கெனவே போயிடுச்சே."

மறுநாள் காலை அதிகாரியிடம் நின்றபடியே சொன்னாள். அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கரடி விடியற்காலையில் சாப்பிட்டுவிட்டது, அதனால் பிழைத்தீர்கள் என்றார். அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை. வகுப்பு இரண்டு மாதத்துக்கு நிறுத்தம். தப்புப்பெட்டி இனி கிடையவே கிடையாது.

தையல்காரர் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் வாசலிலேயே முழுவதையும் சொல்லி முடித்தாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

"கேட்டிருக்கலாமேம்மா," என்றார் அவர். "என் கண்ணைத்தானே நினைச்சே?"

"ஆமாண்ணே."

பொய் சொல்லாததற்காகவோ என்னவோ, அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"சனிக்கிழமை நான் தடவிப் பார்த்தது நாப்பது பெட்டி. அதுல ஏதாவது தப்பு இருந்துதா?"

"ஒண்ணும் இல்லண்ணே. நாப்பதும் சரியா இருந்துது."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு பெட்டி அறைக்கு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். போகிற போக்கில், நின்னுக்கிட்டே இருக்கியே, உட்காரேன் என்றார்.