ஜவான் சாமியின் கழுத்து

"நேத்து யாரும்மா அறுத்தது?"

அத்திக்கண்டிகை கூட்டுரோட்டில் புத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்த ரூபாவிடம் எலிசபெத் அன்று காலை முதலில் கேட்டது இதைத்தான். கேட்டவள் நிமிரவில்லை. ஒரு கையில் தேய்ந்த துடைப்பம், இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. தன் புருஷனின் சிலை நிற்கும் தூணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா. நான் ஸ்கூல் வுட்டு வர்றப்பவே கும்பல் கலைஞ்சி போச்சி."

"யாரா இருந்தாலும் கத்தி மொண்ணை."

"அது எப்பிடிக்கா தெரியும்?"

எலிசபெத் துடைப்பத்தால் காட்டினாள். தூணில் பதித்த கருங்கல் பலகைவரை ரத்தம் சிதறியிருந்தது. பிலிப் என்று தெலுங்கில் வெட்டிய எழுத்துகளுக்குள் இறங்கிக் காய்ந்து கறுத்திருந்தது. "ஒரே இழுப்புல போயிருந்தா ரத்தம் கீழதான் வடியும். இது இங்க கீது, அங்க கீது, அவரு பேர் மேலயும் கீது. உசுரோட அலைஞ்சிருக்குது அந்தச் சேவலு. மூணு தபா, நாலு தபா போட்டு அறுத்துகீறானுங்க."

"உங்க கடையில ஞாயித்துக்கெழம நிக்க எடம் இல்ல. அத்தினி கோழி அறுக்கிறீங்க. ஒரு சேவலுக்குப் போயி..." ரூபா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அதிகம் பேசிப் பழக்கம் இல்லை. பேசினால் இப்படித்தான் எங்காவது போய் இடிக்கும்.

எலிசபெத் கோபித்துக்கொள்ளவில்லை. "கடையில துன்றதுக்கு அறுக்கிறேன்மா. இவனுங்க அவருக்குக் காட்டறதுக்கு இல்ல அறுக்கிறானுங்க."

திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ரூபா பையைத் தோளில் மாட்டினாள். படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து எலிசபெத்தின் குரல் வந்தது. "மொண்ணக் கத்திய கையில எடுக்கவே கூடாதும்மா. சாவறது யாரா இருந்தாலும் செரி."

ஒரு சேவலுக்கு இவ்வளவா என்று ரூபா பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனாள். அவள் புத்தூரில் ஒரு பள்ளியில் டீச்சர். ஐந்தாவதுவரை தமிழிலும் அதற்குப் பிறகு தெலுங்கிலும் படித்தவள். பார்ப்பதை எல்லாம் மனத்தில் வைத்துக்கொள்வாள், வாயில் வராது. எலிசபெத் கடைசியாகச் சொன்னது அவள் மனத்தில் ஆடி மாதம்வரை முள்ளாகக் கிடந்தது.

எலிசபெத்தின் கோழிக்கடை சிலைக்கு நேர் எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவளுடைய அப்பா வைத்த கடை. பாவாடை கட்டிய வயதிலேயே அவர் அவள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார். கோழியின் இறக்கைகளைச் சேர்த்து மடக்கி இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே இழுப்பு. பிறகு டிரம்மில் தலைகீழாகப் போட்டு மூடிவிடுவாள். டிரம் கொஞ்ச நேரம் தடதடக்கும், அடங்கும். ஒவ்வொரு கோழிக்கு முன்னும் கத்தியைச் சாணைக்கல்லில் ரெண்டு தேய்ப்பு தேய்ப்பாள். அவசரக்காரர்கள் கத்துவார்கள். "எலிசம்மா, கோழி அறுக்கிறியா, சவரம் பண்ணப் போறியா?" அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு அவள் வருவதில்லை என்று பாஸ்டருக்கு வருத்தம். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்வாள். எவ்வளவு குளித்தாலும் நகக்கண்ணில் செம்மை இருக்கும்.

பிலிப் பட்டாளத்துக்காரன். லீவில் வந்தால் முதல் வாரம் நல்லவன், ரெண்டாவது வாரம் ரம் பாட்டிலைத் திறப்பான். ஒருதரம் குடித்துவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் குழம்புக் கரண்டியைத் திருப்பி அவன் மூக்கில் போட்டாள். மூக்கு உடைந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்குப் போதையும் அவளுக்குக் கோபமும் இறங்கின. "எதிரி கூட இப்படி அடிக்கலடி" என்று அவன் சிரித்தானாம். அதற்கப்புறம் அவன் கை நீட்டவில்லை. மூக்கு கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. சிலை செய்தவனுக்கு இது தெரியாது. பழைய போட்டோவைப் பார்த்து, மார்பளவுச் சிலையில் மூக்கை நேராக வைத்துவிட்டான். திறப்பு விழாவில் மாலை போடும்போது எலிசபெத் சொன்னது இதுதான். "மூக்கு எங்க வூட்டுக்காரரது இல்ல."

அவன் செத்தது காஷ்மீர் எல்லையில். ரோந்து போனவர்களை இருட்டில் மடக்கிவிட்டார்கள். பெட்டி ரேணிகுண்டாவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து கொடி போர்த்தி ராணுவ வண்டியில் ஊருக்கு வந்தது. கூட வந்த அதிகாரி, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார். எலிசபெத் பெட்டி வைத்திருந்த சர்ச்சிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவள் அழவில்லை. "எடுத்துக்கினு போலாம்" என்றாள். உள்ளே என்ன பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. குண்டு பட்டுச் செத்தான் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது.

சிலை சாமியானது லாரிக்காரர்களால். ரேணிகுண்டாவிலிருந்து சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போன ரமணா என்ற டிரைவர் கூட்டுரோட்டுத் திருப்பத்தில் லாரியைக் கவிழ்த்தான். கிளீனர் அங்கேயே நசுங்கிப் போனான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்த ரமணா சிலைத் தூணில் மோதி நின்றான். தூண் இல்லாவிட்டால் பின்னால் வந்த டேங்கரின் அடியில் போயிருப்பான். அடுத்த மாதம் அவன் ஒரு சேவலோடு வந்து, தூணடியில் அறுத்து, மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டுப் போனான். அதைப் பார்த்து இன்னொரு டிரைவர். பிறகு உள்ளூர்க்காரர்கள். சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டு ரத்தம் காட்டுவது அந்தப் பக்கத்தில் புதிது இல்லை. ஏரிக்கரையில் வாள் பிடித்த வீரனைச் செதுக்கிய பழைய நடுகல்லுக்கும் அதுதான் மரியாதை. அவர்கள் கணக்கில் பிலிப்புக்குச் செய்ததும் மரியாதைதான். ஜவான் சாமி என்று பேரும் வைத்தார்கள். கிறிஸ்தவனுக்குக் குங்குமமா என்று பாஸ்டர் ஒருதரம் சத்தம் போட்டார். எலிசபெத் காலையில் வந்து ரத்தத்தைக் கழுவினாள், அவ்வளவுதான்.

ஆடியில் துலுக்காணத்தின் முறை வந்தது.

துலுக்காணம் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். பெரிய குரல், பெரிய கை. அவருடைய பையன் ஹேமநாத் கூட்டுரோட்டில் பைக்கோடு லாரியில் சிக்கி, தொடை எலும்பு ரெண்டாக உடைந்து, உயிரோடு தப்பினான். நடந்தால் கடா வெட்டுகிறேன் என்று அவர் ஜவான் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். பையன் நடந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மேளத்தோடு வந்துவிட்டார்கள். அன்று பள்ளி அரை நாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ரூபா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

வெட்ட வந்தவன் துலுக்காணத்தின் மச்சான் கேசவன். கையில் தேங்காய் உரிக்கிற அரிவாள், அடியில் துரு. கடாவின் முன்னங்காலை ஒருத்தன் இழுத்துப் பிடித்திருந்தான். தூணிலிருந்து கயிறு விறைத்து நின்றது. கேசவன் ஓங்கிப் போட்டான். கழுத்து பாதிதான் போனது. கடா கத்திய கத்தலில் மேளக்காரன் கை நின்றுவிட்டது. ரெண்டாவது வெட்டு தோளில் விழுந்து எலும்பில் சிக்கிக்கொண்டது. கேசவன் காலை வைத்து அரிவாளைப் பிடுங்கினான். அரிவாளிலிருந்து தெறித்த ரத்தம் சிலையின் மீசையில் விழுந்தது.

ரோட்டைக் குறுக்கே தாண்டி எலிசபெத் ஓடிவந்தாள். கையில் கடைக் கத்தி. ஒரு கார் பிரேக் போட்டுக் கிரீச்சிட்டது.

"வுடுடா! அத்த வுடுடா!"

துலுக்காணம் குறுக்கே வந்தார். "இன்னாம்மே, சாமி காரியத்துல பொம்பள பூர்ற? ஊர்க் கோழி எல்லாம் உன் கையில சாவுது. எங்க கடா ஒண்ணு சாவக் கூடாதா?"

"நவுருண்ணா."

"உன் கடையில வாங்கலன்னு வயித்தெரிச்சலா?"

சிலர் சிரித்தார்கள். துலுக்காணம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் உதறினாள். சாணை பிடித்த கத்தி அவர் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கோடு போட்டது. முதலில் வெள்ளையாகத் தெரிந்து, பிறகுதான் சிவந்தது. அவர் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "குத்திட்டாடா!" என்று எவனோ கூவினான். ஒருத்தன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். இன்னொருத்தன் முதுகில் குத்தினான். அவள் எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது வெட்டுக்குக் கையைத் தூக்கியிருந்த கேசவன் மேல் பாய்ந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவளை உதறுவதற்கு அவன் கண்மண் தெரியாமல் அரிவாளை வீசினான்.

அரிவாள் சிலையின் கழுத்தில் விழுந்தது.

சிமெண்ட் பெயர்ந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருந்த துருக்கம்பியில் தொங்கி நின்றது. கூட்டம் அப்படியே அடங்கியது. கேசவன் அரிவாளைக் கீழே போட்டு, ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

கடா மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மேளக்காரன் ஓடிவந்து முன்னங்காலைப் பிடித்திருந்தவனை விலக்க, எலிசபெத் கயிற்றை அறுத்து, கடாவை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்புறம், சிலையின் பார்வை படாத இடத்துக்குப் போனாள். அது காலை உதைத்தது.

"ரூபா! பின்னங்கால புடிம்மா!"

ரூபா தன் பை எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய் மண்டி போட்டு ரெண்டு காலையும் சேர்த்துப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, நடுங்கியது. எலிசபெத் இடது கையால் கடாவின் தாடையைத் தூக்கினாள். ஒரே இழுப்பு. ரூபாவின் பிடிக்குள் இருந்த கால்கள் விறைத்து, தளர்ந்தன.

எலிசபெத் எழுந்து திரும்பினாள். அவிழ்ந்த கூந்தல், முழங்கைவரை ரத்தம். சாய்ந்து தொங்கும் தலையைக் கத்தியாலேயே காட்டினாள்.

"இப்பிடித்தான் வந்தாரு. பெட்டியில இப்பிடித்தான் வந்தாரு. போதுமா? நான் சின்ன வயசுல இருந்து கழுத்து அறுக்கிறவ. பாத்தாலே எனக்குத் தெரியும். அவனுங்க கத்தி மொண்ணை. ஒரு இழுப்புல போவல அவரு உசுரு. நாலு தபா, அஞ்சு தபா. உங்க கேசவன் மாதிரியே. அதையே கொண்டாந்து அவரு கண்ணு எதிர்ல தெனம் செய்யறீங்க. மாலையும் போடறீங்க."

ஹேமநாத் ஊன்றுகோலோடு அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். துலுக்காணம் கையைப் பிடித்தபடி நின்றார், விரல் வழியாகச் சொட்டியது.

"ஏம்மா, இத்தினி வருசமா சொல்லலியே நீ."

"இன்னான்னு சொல்லட்டும்ண்ணா? இத்த எந்த வாயால சொல்றது?" அவள் கிட்டே வந்து, தன் முந்தானையைக் கிழித்து அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். "புத்தூர் போயி தையல் போட்டுக்கோ. ஆழமா பட்டுகீது."

"கத்தி கூருதான்," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "பட்டதே தெரில."

ஆஸ்பத்திரியில் எப்படி வெட்டியது என்று கேட்டதற்கு, கோழிக்கடையில் தவறிப் பட்டது என்று சொல்லிவிட்டார். போலீசுக்கு யாரும் போகவில்லை. ரெண்டு வாரம் கழித்து கேசவனே கொத்தனாரைக் கூட்டிவந்து தலையை நிமிர்த்தி வைத்தான். சிமெண்ட் பூசி வர்ணம் அடித்தும் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு தெரியத்தான் செய்தது. கொத்தனார் இன்னொரு பூச்சு போடட்டுமா என்று கேட்டதற்கு எலிசபெத், "கழுத்து இருக்கட்டும். ஸ்டூல் மேலதானே நிக்கிற, மூக்கைக் கொஞ்சம் கோணலாக்கு" என்றாள். அவன் கேசவனைப் பார்த்தான். கேசவன் தலையை ஆட்டினான்.

உள்ளூர்க்காரர்கள் இப்போது வேண்டுதல் சேவலை அவள் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். அவள் கத்தியைத் தேய்த்து, உள்ளே திரும்பி நின்று அறுத்துக் கொடுக்கிறாள். சிலைக்கு வெறும் மாலை. விக்கிரகத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலை நீ அறுக்கலாமா என்று பாஸ்டர் கேட்டார். "எவனாவது அறுக்கத்தான் போறான் ஐயா. தெரிஞ்சவ அறுக்கட்டும்" என்றாள். அவர் வேதத்தில் பதில் தேடுவதாகச் சொல்லிப் போனார், இன்னும் வரவில்லை.

லாரிக்காரர்களுக்குத்தான் விஷயம் தெரியாது. ஒரு நாள் ரூபா பள்ளியிலிருந்து திரும்பியபோது தூணடியில் மறுபடியும் ரத்தம் கழுவிய ஈரம். எலிசபெத் கழுவி முடித்துத் துடைப்பத்தை உதறிக்கொண்டிருந்தாள். ரூபாவைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"நீ ரெண்டு பாஷையும் படிச்சவ. ஒரு பலகை எழுதிக் குடும்மா. தமிழ்ல ஒரு தபா, தெலுங்குல ஒரு தபா. வீரம் கீரம் ஒண்ணும் வாணாம், அது கல்லுலயே கீது. 'இவரு பிலிப்பு. இவரு பொண்டாட்டி எதிர்லயே கோழிக்கடை வெச்சிகீறா. வேண்டிக்கினத அங்க கொண்டாங்க, இவரு எதிர்ல அறுக்காதீங்க'ன்னு எழுது. பெருசா எழுதும்மா. லாரிய நிறுத்தாமலே படிக்கணும்."