என் வீட்டு வாசலில் அக்கா செய்த யுத்தம்

கர்த்தருக்குள் எங்களை முந்திக்கொண்டு போய்விட்ட எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவாக வெளியிடும் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த தோழிகளுக்கும் ஸ்தோத்திரம். அக்காவின் மகள் வந்து, "சித்தி, நீங்கதான் எழுதணும்" என்றபோது முதலில் மாட்டேன் என்றேன். அக்காவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருடைய தலையிலும் அக்கா கை வைத்து ஜெபித்திருக்கிறார். ஏழு வருடமாக அந்தக் கை படாத தலை என்னுடையது ஒன்றுதான். வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். இன்று அந்த ஒரு ஜெபத்துக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நான்தான். இதை மறைத்துவிட்டு, அன்பானவர், பண்பானவர் என்று நாலு பக்கம் நிரப்ப எனக்கு வராது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அடுகோடியில், ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே எங்களுக்கிருந்த ஒற்றை அறை வீட்டில். அப்பா லேத் பட்டறையில் டர்னர். காய்ச்சலில் அம்மா தவறியபோது அக்காவுக்குப் பதினாறு, எனக்கு நாலு. பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு அக்கா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனார். எனக்குத் தலை வாரி, டிபன் கட்டி, கன்னடப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கவைத்து, அதற்குப் பிறகுதான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அக்கா மட்டும், "அந்த வாய வெச்சுதான் நீ பொழைக்கப் போற, பேசுடி" என்பார். நான் டிகிரி முடித்தது அக்காவின் அந்த ஓட்டத்தால்தான்.

வாசலில் நின்று, வேதத்தில் அப்போஸ்தலர் சொன்ன சர்வாயுதவர்க்கம் என்கிற போர்க்கவசத்தை ஜெபத்தால் தரித்துக்கொள்ளாமல் அக்கா வேலைக்குக் கிளம்பியதில்லை. தலையைத் தொட்டு இரட்சிப்பின் தலைச்சீரா என்பார். நெஞ்சைத் தொட்டு நீதியின் மார்க்கவசம், இடுப்பைத் தொட்டு சத்தியத்தின் கச்சை. செருப்பை மாட்டும்போது சமாதானத்தின் பாதரட்சை. விசுவாசக் கேடகத்துக்காக இடது கையைத் தூக்குவார், அதில் டிபன் பை ஆடிக்கொண்டிருக்கும். எனக்கும் அப்படியே செய்வார். தெருவில் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று நான் நெளிவேன். கட்டிங் பிரிவில் துணி வெட்டும் மிஷினுக்கு விரல் போய்விடாமல் இருக்க ஸ்டீல் வலைக் கையுறை கொடுப்பார்கள். ஒருநாள் அதைப் பையில் மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். கையில் மாட்டிக் காட்டி, "பாத்தியா பாப்பா, அப்போஸ்தலரு தலைக்குச் சொன்னாரு, காலுக்குச் சொன்னாரு, கைக்குக் கவசம்னு ஒண்ணும் சொல்லல. அதான் கம்பெனில குடுத்துட்டாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்யாணமாகி ஹெப்பகோடிக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்ச காலம் காணாமல் போனது. மாமா அப்போது குடிப்பார். இதை எழுதலாமா என்று மாமாவிடமே கேட்டேன், "எழுது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். ஒன்பது வருடம் அக்கா மாமாவுக்காகப் போராடினார். ஆவிக்குரிய யுத்தம் என்பது நம்மில் பலருக்குப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு மறந்துபோகும் விஷயம். அக்காவுக்கு அது சமையல், துவையல் போல அன்றாட வேலை. ஸ்டெல்லா ஆன்ட்டியோடு சேர்ந்து செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக்குழுவை ஆரம்பித்தார். உபவாசம் இருந்தார், மாமாவின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா ஒருநாள் குடியை நிறுத்தினார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு தைரியம் வந்தது. எதிரி எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்ற தைரியம்.

நான் என்னோடு வேலை பார்த்தவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு சந்தாபுராவுக்கு வந்தேன். அவர் இந்து. அவருடைய அம்மா, என் அத்தை, எங்களோடு இருக்கிறார். அக்கா அழுதார், ஆனாலும் கல்யாணத்துக்கு வந்து முன்னால் நின்று செய்தார். பிறகு எனக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்தது. நான் உடைந்துபோனேன். அக்கா என்னைவிட உடைந்துபோனார். அத்தையின் பூஜை அலமாரிதான் காரணம் என்று அக்காவும் குழுவும் முடிவுகட்டி இருபத்தோரு நாள் உபவாசம் எடுத்தார்கள். கடைசி நாள் மத்தியானம், நாங்கள் இருவரும் ஆபீஸில் இருந்தபோது, அக்கா ஜெப எண்ணெய் பாட்டிலோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே அத்தை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். வாசல் நிலையில் எண்ணெயால் சிலுவை போட்டுவிட்டு, எதிரி தாண்டக்கூடாது என்று வாசற்படி நெடுகிலும் ஒரு கோடாக மிச்ச எண்ணெயையும் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வாசற்படி வழவழவென்று தேய்த்த கிரானைட். சாயங்காலம் தண்ணீர் தெளிக்க வந்த அத்தை கால் வைத்த மாத்திரத்தில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

எண்ணெய் எப்படி வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நான்தாம்மா ஊத்துனேன்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தைக்குப் புரிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"இனிமே என் வீட்ல ஜெபம்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. எனக்காகவும் ஜெபிக்காத. என் பேர எடுக்காத. சத்தியம் பண்ணு!"

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் பாப்பா," என்றார் அக்கா. "எடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்ல, அவ்ளோதான்."

மறுநாளிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தினமும் ஹெப்பகோடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். நாலு மாதம். பெட்பேன் வைப்பது, உடம்பு துடைப்பது, வாக்கரைப் பிடிக்கவைத்து நடத்துவது எல்லாம் அக்காதான். நான் பேசவில்லை. வருவார், வேலையைப் பார்ப்பார், போவார். அத்தைதான் பேச்சுக் கொடுப்பார்.

"ஏம்மா, சாப்புடறதுக்கு முன்னாடி கண்ண மூடுவியே, இப்ப மூடறதே இல்ல?"

"உங்க மருமக உத்தரவும்மா."

"அவ கெடக்குறா, எங்க சாமிக்கே உத்தரவு போடறவ அவ. நீ பேஜார் பண்ணிக்காம சாப்புடு."

அத்தைக்கு விளக்கேற்றாமல் மனசு ஆறாது. எழுந்து நிற்கவும் முடியாது. அக்கா யோசித்துப் பார்த்து, விளக்கைத் துலக்கித் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, தட்டோடு கட்டிலுக்கே கொண்டுவந்து வைப்பார். "ஏத்தறது மட்டும் நீங்க ஏத்திக்குங்கம்மா, அது என்னால ஆவாது" என்று தீப்பெட்டியை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அந்த ஒரு நிமிஷம் அடுப்படியில் நின்றுகொண்டு அக்கா என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வாய்விட்டு ஜெபிக்காமல் அரைமணி நேரம் இருக்கத் தெரியாத மனுஷி. என் வீட்டில் நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

ஜெபக்குழுவில் அக்கா எழுந்து நின்று சாட்சி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். "நம்ம சண்டை மனுஷங்களோட இல்லன்னு தெனமும் வாயால சொல்லினு, வயசான ஒரு அம்மாவக் கீழ தள்ளிட்டேன். எதிரி சந்தாபுரால இருக்கான்னு பஸ் ஏறிப் போனேனே, அவன் என்கூடவே பஸ்ல வந்துக்குறான்" என்றாராம். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யார் வீட்டு வாசலிலும் எண்ணெய் ஊற்றப்படவில்லை. நோயாளி இருக்கும் வீடு எது என்று விசாரித்துப் போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டார் கேட்டால் மட்டும் ஜெபித்துவிட்டு வந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். கோபமெல்லாம் அதற்குள் போய்விட்டது. "அவ தலைல வேணும்னா கை வெச்சிக்கோ" என்றேன். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபித்து முடிக்க வெகுநேரம் ஆனது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீம்பு. அடுத்த வாரம் சொல்லலாம், கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கடைசி வாரம் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை மெல்ல எழும்பி என் தலைக்கு வந்தது. வந்த கை பாதியில் நின்றுவிட்டது.

"பாப்பா, பண்ணட்டுமா?"

அக்காவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. "அப்புறம் பண்ணுக்கா. இப்ப பேசாத, ரெஸ்ட் எடு" என்றேன். ஆண்டவர் அறிவார், அது வீம்பு இல்லை. அக்கா களைத்துப்போவாரே என்றுதான் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். சாயங்காலம் ஐசியுவுக்கு மாற்றினார்கள், மறுநாள் காலையில் போய்விட்டார். அந்தக் கையைப் பிடித்து நானே என் தலையில் வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

அக்காவின் நோயில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளிக்காத மாமாவுக்கு. இரத்தம் கொடுத்த கம்பெனிப் பிள்ளைகளுக்கு. அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கு. வாக்கரை ஊன்றிக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்து, "என் மகள மண்ணுல வெச்சிட்டேன்" என்று அழுத என் அத்தைக்கு. கடைசியாக, செவ்வாய்க்கிழமை ஜெபக்குழுவுக்கு.

போன மாதம் ஸ்டெல்லா ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். எனக்குக் கொடுத்த வாக்கு ஆஸ்பத்திரி வார்டோடு முடிந்திருக்கும், எனக்குத் தெரியாமல் குழுவிலாவது அக்கா எனக்காக ஜெபித்திருப்பார் என்று அடிமனசில் ஒரு நம்பிக்கை. என்ன சொல்லி ஜெபிப்பார் என்று கேட்டேன். ஆன்ட்டி தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"இல்லம்மா. ஒவ்வொரு பேரா சொல்லினு வருவா. உன் எடம் வந்தா நிறுத்திடுவா. தங்கச்சிக்கு வாக்கு குடுத்துட்டேன், பேர எடுக்க மாட்டேன்னுவா. அப்டியே கண்ண மூடினு உக்காந்துப்பா, தண்ணி மட்டும் ஊத்தும். நாங்களும் கம்முனு உக்காருவோம். மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு நிமிஷம்னா, அதுக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆவும்."

நினைவு நாள் ஜெபத்துக்கு வருகிற உங்கள் எல்லோரிடமும் ஒரு விண்ணப்பம். அன்றைக்கு அந்த இடம் வரும்போது யாரும் நிறுத்த வேண்டாம். என் பெயர் ஜெசிந்தா. சத்தமாகவே சொல்லுங்கள்.